கயிறுவிட்ட மச்சான் கதைக்கு நாலு வியாக்கியானம்

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். முதல் வருஷம் ஒரு கொப்பிப் புத்தகம் வாங்கி, தாளின் மேலே சிலுவை போட்டு, "என் அண்ணன்" என்று இரண்டு சொல் எழுதினேன். அதோடு மூடி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் வெளியே எடுப்பேன், பாஸ்குப் பண்டிகை வருவதற்குள் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஆனால் எழுதத் தெரியாமல் தயங்கினேன் என்று சொன்னால் அது பொய்யாகும். அண்ணன் எழுதாதே என்று சொல்லியிருந்தார். சொன்னவர் போன நவம்பரில், மரித்தோர் மாதத்திலேயே, கண்ணை மூடிவிட்டார். இனி என்னைத் தடுக்க ஆளில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். இருபத்து மூன்று வயதில் நீர்கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அது எனக்கு இரண்டாம் கலியாணம். முதல் புருஷன் இன்னாசி சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் போனவர் உயிரோடு மேலே வரவில்லை. அதன் பிறகு சொந்தத்தில், மனைவியை இழந்த ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷத்தில் ஊருக்கு இரண்டு தடவைதான் போனேன், இரண்டும் சாவுக்கு.

மூன்றாவது தடவை போகக் காரணம் ஒரு டெலிபோன். சுகந்தி என்ற பெண் பேசினாள். நாட்டார் கதைகளை ஆராய்ச்சி செய்கிற மாணவி. "அம்மா, ஒங்க அண்ணன் சொல்ற 'கயிறுவிட்ட மச்சான்' கதையப் பத்தி எங்க காலேஜ்ல கருத்தரங்கம் வைக்கிறோம். புத்தகமும் வருது. அவருக்குப் பொன்னாடை போடுறாங்க. நீங்க வந்தா சந்தோஷப்படுவாரு" என்றாள். பிறகு போனை அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் தொம்மை சிரித்துக்கொண்டே, "வாளா பிலோமி, எனக்குப் போத்துதாவளாம். வந்து பாத்துட்டுப் போ" என்றார்.

நான் குசினியில், அடுப்புப் பக்கத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கதையில் கயிற்றை விட்ட மச்சான் வேறு யாருமில்லை, என் அண்ணன்தான். செத்தது என் புருஷன்.

எங்கள் கரையின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை படகில் ஒருவன் கையில். கீழிருப்பவன் இழுத்தால் மேலிருப்பவன் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை எவன் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்தத் தம்பிக்குக் கூடப் பங்கு ஆசை வந்து கை நழுவலாம், மச்சானுக்கு நழுவாது. தன் தங்கை தாலியறுப்பதை எவன் பார்ப்பான்? இது முத்துக் குளித்த காலத்துச் சட்டம். நான் பிறப்பதற்கு முன்பே முத்துக் குளிப்பு நின்றுபோனது. சட்டம் மட்டும் சங்குக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கரையில் ஒருவனைக் "கயிறு விட்டவன்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் வசை கிடையாது.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் வெள்ளை உடுத்திய இரண்டு சிங்களப் பெண்கள், புத்த கோவில்களுக்கு யாத்திரை போகிறவர்கள். ஒருத்தி மற்றவளிடம் தங்கள் பாஷையில், "இந்த அம்மாவைப் பார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி முகம்" என்றாள். நான் அதே பாஷையில், "இல்லை மகளே, பிறந்த வீட்டுக்குப் போகிறேன்" என்றேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்து ஒரு டொஃபி தந்தார்கள். அதை வாயில் போட்டுக்கொண்டு செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்தேன்.

திருநெல்வேலியில் நான் ஏறிய பஸ் தூத்துக்குடிக்குப் போய்ச் சேரவில்லை. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டில், பின்சக்கரம் வெடித்து நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்குங்க, பின்னால வண்டி வருது" என்றார் கண்டக்டர். எங்கள் நீர்கொழும்பில் இப்படி நின்றால் டிரைவர் இறங்கிப்போய்த் தேத்தண்ணீர் குடிப்பார், ஜனங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே நாற்பது பேரும் நாற்பது மெக்கானிக் ஆகிவிட்டார்கள். "ஜாக்கிய அங்கன வைக்காதிய, இங்கன வைய்யும்!" என்று ஒரு கிழவர் அதட்டினார். ஜாக்கியே வண்டியில் இல்லை.

உலகத்தில் எந்த ஊரில் நின்றாலும் எனக்குப் பரவாயில்லை, புதுக்கோட்டையில் நிற்பது மட்டும் ஆகாது. காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற தெருவைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு டீக்கடையில் நின்றேன்.

அது குலசேகரன்பட்டினம் தசரா சமயம். கடைப் படியில் காளி வேஷம் போட்ட ஓர் ஆள் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் நீலச்சாயம், வடைபட்ட இடம் மட்டும் உதடு. பஸ்ஸில் வந்த ஒரு ஆபீஸ்காரர் அவரிடம் கேட்டார்:

"அண்ணாச்சி, ஆம்பள எதுக்குப் பொம்பள வேஷம் போடணும்?"

"நேர்ச்ச."

"அது சரி, அதுக்கு என்ன அர்த்தம்?"

காளி வடையை முழுங்கிவிட்டுச் சொன்னார்: "எம்பொண்டாட்டி வயித்துல கட்டி. கரஞ்சிட்டு. அதான் அர்த்தம். சட்டினி வாங்கித் தாரேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேறு வேதக்காரி, ஆனாலும் அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் காளியை ஏக்கத்தோடு நினைப்பேன் என்று அப்போது தெரியாது.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோவில் போனோம். உப்பளம், உப்புக் குவியல், துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசை. நிலக்கரி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் இறங்கும்போது என் முகத்திலும் பாதி காளி வேஷம் இருந்தது. அண்ணன் வாசலில் நின்றிருந்தார். அறுபத்து நாலு வயதுக்கு எண்பது போலக் கூன். "என்னளா, சிலோன்லேருந்து கரி அள்ளவா வந்த?" என்றார்.

மறுநாள் மைனி, அண்ணன் பெண்டாட்டி, சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். நீர்கொழும்பில் நாங்கள் கொறுக்காய்ப் புளி போட்டுக் கறுப்பாக வற்றவைப்போம். மைனி புளி கரைத்து, தேங்காய் அரைத்து, இலேசாக வைத்தாள். முதல் கவளத்தில் கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாய் மேல் பழியைப் போட்டேன். அந்த வீட்டில் பழி போடுவது எனக்குப் பழக்கமான காரியம்.

காலையில் அண்ணனோடு பூசைக்குப் போனேன். அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. இடமில்லாமல் பின்னால் நின்றார்கள், அங்கே வரவில்லை. மைனி சொல்லித்தான் தெரியும்: இந்த முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கரையில் ஒரு பிள்ளைக்கும் அண்ணனை ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் பிள்ளையைப் பிடிக்க, கயிறு விட்ட கையைக் கேட்பார்களா? கடலில் அவருக்கு வேலை இல்லை. துறைமுகத்தில் கரி அள்ளினார், பிறகு உப்பளத்தில் காவல்.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "சிலோன் தங்கச்சியா? ஒங்க அண்ணன் இப்பம் பெரிய ஆளும்மா. அவரு விட்ட கயிறு காலேஜு வரைக்கும் போயிருக்கு!" என்றார்.

கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க ஏன் அண்ணே அந்தக் கதையச் சொல்லுதிய?" என்று நடக்கும்போது கேட்டேன்.

"நான் சொல்லாட்டா அவனுவ சொல்லுவானுவ. நான் சொன்னா நான் வச்ச அளவோட நிக்கும்" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, "எங்கதையில நீ கெடயாது, தெரியுமா? ஒன்ன எடுத்துட்டேன்" என்றார்.

மூன்றாம் நாள் கருத்தரங்கம். பெரிய ஹால், குளிர்சாதனம், மேடையில் அண்ணனுக்கு நாற்காலி. நான் இரண்டாம் வரிசையில், பக்கத்தில் சுகந்தி. பாதிப் பேச்சு இங்கிலீஷ் என்பதால் என் காதில் தமிழில் சொல்லச் சம்மதித்திருந்தாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை.

முதலில் அண்ணனைக் கதை சொல்லச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் கூன் நிமிர்ந்துவிட்டது.

"தென்கடல்ல சங்கு வெளஞ்ச காலம். குளிக்கப் போனவன் ஒருத்தன், கயிறு பிடிச்சவன் ஒருத்தன். ஏழு பாகத் தண்ணி. கீழ போனவன் கைக்கு வலம்புரி அம்பிட்டு. கூடையில வச்சி அனுப்புனான். மச்சான் தூக்குனான், பாத்தான். கண்ணு சங்குல நின்னுட்டு. கையி கயித்த மறந்துட்டு. கீழ ஒருத்தன் இழுக்கான், இழுக்கான், இழுக்கான். மறந்த கையி எந்தக் கையி? இந்தக் கையி!"

உள்ளங்கையை விரித்து ஹாலுக்கே காட்டினார். ஹால் முழுக்கக் கைத்தட்டல். நான் தட்டவில்லை. இன்னாசி ஆயுசில் வலம்புரியைக் கண்ணால் பார்த்தவரில்லை. அவர் எடுத்ததெல்லாம் எல்லோருக்கும் கிடைக்கிற இடம்புரிதான்.

பொன்னாடை போர்த்திய பிறகு வியாக்கியானம் தொடங்கியது.

நரைத்த பேராசிரியர் ஒருவர், அவர்தான் தலைவர், ஒரு கடல் படத்தை விரித்தார். படம் முழுக்க அம்புக்குறி. இந்தக் கதை மணப்பாட்டில் எப்படி, காயல்பட்டினத்தில் எப்படி, மன்னாரில் எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் அருகில் வைத்து ஒப்பிட்டால் எது மூத்தது, எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்கலாமாம். முத்து எடுத்த தேசமெல்லாம் இது இருக்கிறதாம், இங்கே நடந்ததாக இருக்க முடியாதாம். அப்படியானால் அண்ணன் யார்? கதை போகிற வழியில் ஒரு பஸ் ஸ்டாப். எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது.

அடுத்தவர் பலகையில் இரண்டு வரிசை எழுதினார். கடல், கரை. கீழ், மேல். இரத்த உறவு, கலியாண உறவு. கதை எதைச் சொல்கிறது என்று பார்க்கக் கூடாது, எதற்கு எதிராக எதை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். தாலியும் ஒரு கயிறு, இதுவும் ஒரு கயிறு என்று முடித்தபோது பிரசங்கம் கேட்டதுபோல நன்றாகவே இருந்தது. வாசல் கோலமும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே உலை வைத்தார்களா பட்டினியா என்று கோலத்தைப் பார்த்துத் தெரியாது.

மூன்றாவதாகத் தாடி வைத்த ஒரு தம்பி எழுந்தார். "இந்தக் கதையால யாருக்கு லாபம்? அதக் கேளுங்க" என்றார். எனக்கு முதுகு நிமிர்ந்தது. கடலில் ஒருவன் செத்தால் படகுக்காரரிடம் யாரும் கேள்வி கேட்காமலிருக்க, உழைக்கிறவன் மேல் உழைக்கிறவனே பழி போட்டுக்கொள்ள இப்படிக் கதைகள் உதவுகின்றன என்றார். சுகந்தி சொல்லத் தேவையில்லாமல் தமிழிலேயே பேசினார். நான் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த வார்த்தையைக் கேள் தம்பி, கேள், என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் வேறு தேசத்துச் சுரங்கக் கூலிகளின் பாட்டுக்குப் போய்விட்டார். வாசல் வரை வந்தவர் கதவைத் தட்டாமல் திரும்பினார்.

கடைசியாகப் பேசியது கண்ணாடி போட்ட ஒரு அம்மா. முழுக்க இங்கிலீஷ். மனசின் அடியில் கிடப்பதைக் கதையிலிருந்து எடுக்கிற வித்தையாம். கடல் என்றால் தாயின் வயிறு, கயிறு என்றால் தொப்புள்கொடி என்று சுகந்தி சொல்லிக்கொண்டு வந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"சொல்லு மகளே."

"வேண்டாம்மா."

"பரவால்ல, சொல்லு."

சுகந்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மனைவி இல்லாமல் மச்சான் என்ற உறவே கிடையாது, ஆனால் கதைசொல்லி அந்த மனைவியைக் கதையிலிருந்து முழுதாக எடுத்துவிட்டார். ஒரு வார்த்தைகூட இல்லை. ஒருவன் எதை அப்படி மறைக்கிறானோ அதுதான் அவனுடைய ஆசை. தங்கையின் புருஷனைத் தண்ணீரில் விட்டவன், தங்கையை...

சுகந்தி அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டேன். மேடையில் அண்ணன் இங்கிலீஷ் புரியாமல், பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டு, அந்த அம்மாவைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றத்தான் கதையிலிருந்து எடுத்தார். எடுத்த அந்தக் குழிக்குள் இவர்கள் சாக்கடையை ஊற்றினார்கள். இதுதான் அச்சில் வரப்போகிறது, என் அண்ணன் பெயரோடு.

நான் எழுந்து மைக் இருந்த இடத்துக்குப் போனேன். அங்கே சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரைப் பெண்களிடம் ஒரு தந்திரம் உண்டு. புருஷன் கடலுக்குப் போகக் கூடாது என்றால் புருஷனைத் தடுக்க வேண்டாம், கூடப்பிறந்தவனைத் தடுத்தால் போதும். மச்சான் வரவில்லையென்றால் குளிக்கிறவன் இறங்க மாட்டான். சண்டை என்றாலும் நல்லநாள் என்றாலும் அண்ணன் தம்பியை ஏதாவது சாக்குச் சொல்லி எங்கேயாவது அனுப்பிவிடுவோம். எல்லாப் பெண்களும் செய்ததுதான். தண்ணிக் குழாயடியில் சொல்லிச் சிரித்ததுதான்.

கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னாசி என்னை மணப்பாட்டுச் சிலுவைக் கோவிலுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின சாயங்காலம் படகு முதலாளி, சம்மாட்டி என்போம், அவர் ஆளனுப்பினார். இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம். விடிகிற நேரத்தில் அண்ணனிடம் போய், புதுக்கோட்டையில் இருக்கிற சித்திக்கு நெஞ்சுவலி, உங்களை உடனே வரச்சொன்னாள் என்று பொய் சொன்னேன். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டே ஓடினார். நான் புதுச்சேலை கட்டி, பூ வைத்து, இவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தேன்.

கரையில் சம்மாட்டி கேலி பேசினாராம். "என்னலே இன்னாசி, பொண்டாட்டி வீட்டாள் வரலன்னா ஒனக்கு மூச்சு நிக்காதோ?" ரோஷத்தில் ஏறிவிட்டார். கயிற்றைப் பிடித்தது சம்மாட்டியின் ஆள். இவருடைய இழுப்பு அவனுக்குப் பழக்கமில்லை. ஆளைத் தூக்க அல்ல, சங்குக் கூடையைத் தூக்கத்தான் இழுக்கிறார் என்று நினைத்தானாம்.

புதுக்கோட்டையில் சித்தி திடகாத்திரமாக உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவதற்காக மத்தியானம், படகு கரை தட்டுகிற சமயத்தில், திரும்பி வந்த அண்ணன் கரையில் பிணத்தைத்தான் பார்த்தார். மச்சான் இல்லாமல் ஆளை இறக்கினார் என்று தெரிந்தால் சம்மாட்டியின் படகில் அப்புறம் ஒருவன் ஏற மாட்டான். மச்சான் ஏன் இல்லை என்று தெரிந்தால் மாமியார் வீட்டில் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். படகுக்குப் பின்னால் நின்று சம்மாட்டியும் அண்ணனும் ஏதோ பேசினார்கள். படகில் இருந்தவர்கள் சம்மாட்டியின் சொந்தக்காரர்கள், அவர்கள் வாய் திறக்கவில்லை. அண்ணன் கூட்டத்துக்கு நடுவில் வந்து, "நாந்தான் பிடிச்சேன். கை நழுவிட்டு" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவும் மைக்கில் சொன்னேன். இதற்கு முன் ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், நீர்கொழும்பில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில். அந்தச் சாமியார் ஒரே கேள்வி கேட்டார்: "இது உண்மையா மகளே?" ஆம் சுவாமி என்றேன். அழுதார்.

இந்த ஹாலில் இவ்வளவு படித்தவர்கள் இருந்தார்கள். நரைத்த பேராசிரியர் எழுந்தார், முகமெல்லாம் மலர்ச்சி.

"அருமை அம்மா, அருமை! நமக்கு இதுவரைக்கும் கிடைக்காத வடிவம். தங்கை பழியேற்கும் வடிவம். சுகந்தி, ரிக்கார்டர் ஓடுதா?"

கைத்தட்டினார்கள். அண்ணன் கதைக்குத் தட்டினதைவிட அதிகமாகவே தட்டினார்கள்.

"இது வடிவம் இல்லய்யா, நடந்தது" என்றேன். அதற்குள் அண்ணன் மேடையில் மைக்கை வாங்கிவிட்டார். பொன்னாடை தோளில் இருந்து சரிந்து கிடந்தது. ஹாலைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தங்கச்சி சின்னதுலேருந்தே கத கட்டுவா. எங்க அம்மயே ஏமாந்திருக்காவ. நான் விட்ட கயிறு, நான்லா விட்டேன்? இவ யாரு வந்து பங்கு கேக்க?"

ஹால் அதிரச் சிரித்தது. கண்ணாடி அம்மாவும் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். அண்ணன் மட்டும் அதற்குப் பிறகு அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சம்பழச் சோறு பொட்டலம் கொடுத்தார்கள். யார் யாரோ வந்து என்னோடு போட்டோ எடுத்தார்கள். சுகந்தி ஒரு தாளோடு வந்தாள். பெயர், வயது, படிப்பு, தொழில். எல்லாம் எழுதிவிட்டு, "இந்தக் கதைய நீங்க யார்கிட்ட கேட்டீங்கம்மா?" என்றாள்.

"கேக்கல மகளே. செஞ்சேன்."

பேனா நின்றுவிட்டது. தாளை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்றாள்.

நான்காம் நாள் எனக்குப் புறப்பாடு. அண்ணனைத் துறைமுகப் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். தூரத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி கயிற்றில் தொங்கி வருகிறது, ஒருவரும் அதன் மச்சான் யாரென்று கேட்பதில்லை.

"ஏன் அண்ணே என்னப் பொய்க்காரி ஆக்குனிய?" என்றேன்.

"நீ ஏன் வாயத் தொறந்த?"

"அந்தப் பொம்பள என்ன சொன்னான்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம். அவ என்னத்தயும் சொல்லட்டு. எழுதிட்டுப் போவட்டு."

"நீங்க படகுலயே இல்ல அண்ணே."

மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னது நெசம்னு ஆயிட்டா, நான் முப்பத்தஞ்சு வருசம் செமந்தது என்னத்துக்குளா? எங்கையில இருக்கது ஒரே ஒரு கயிறுதான். அதயும் விடச் சொல்லுதியா?"

அவர் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டேன்.

"எங்கயும் எழுதிகிழுதி வச்சிராத" என்றார். பஸ் ஏறும்போது ஒரு பொட்டலம் மக்ரூனும், மடித்த பொன்னாடையும் என் பையில் திணித்தார். "இத நீயே கொண்டு போ. எனக்குப் புழுங்குது." மக்ரூன் ஊருக்குப் போய்ச் சேருமுன் நொறுங்கித் தூளாகிவிட்டது. பொன்னாடை கொப்பியோடு அலமாரியில் கிடக்கிறது.

புத்தகம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. சுகந்தி அனுப்பியிருந்தாள். நாலு வியாக்கியானமும் இருக்கிறது, கண்ணாடி அம்மா எழுதியதும் அப்படியே இருக்கிறது. கடைசியில் சின்ன எழுத்தில் என் வடிவம். கதைசொல்லி பெண், இல்லத்தரசி, எட்டாம் வகுப்பு. அதில் அண்ணன் சித்தியைப் பார்க்கப் போகவில்லை, புதுக்கோட்டைக்கு வலம்புரி விற்கப் போகிறார். நான் மைக்கில் சொல்லாத வலம்புரி என் வாயிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. கீழே குறிப்பு: பிற்காலத்தில் புனையப்பட்டது, அண்ணனின் பழியைத் துடைக்கத் தங்கை கட்டியதாகலாம்.

நவம்பரில் அண்ணன் போய்விட்டார். என்னால் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று மைனி போனில் சொன்னாள். கடலே இரண்டாகப் பிளந்ததாம் இப்போது.

படித்தவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவரவர் வித்தை அவரவர்க்கு. ஒன்று எங்கே பிறந்தது என்று கேட்கிறது, ஒன்று எப்படிக் கட்டியிருக்கிறது என்று, ஒன்று யாருக்கு லாபம் என்று, ஒன்று உள்ளே என்ன அழுக்கு என்று. அன்றைக்கு மச்சான் எங்கே இருந்தான் என்று ஒரு வித்தையும் கேட்கவில்லை. எங்கள் கரைக் குழாயடியில் எந்தப் பெண்ணும் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. கேட்டால் பதில் சொல்ல நான் இருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரிடமாவது சொல்லுங்கள், எவ்வளவு பேரிடம் சொன்னாலும் நல்லது. ஆனால் அழகாக்காதீர்கள். கடலைப் பிளக்காதீர்கள், சங்கு எதையும் சேர்க்காதீர்கள், என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். நான் வைத்த இடத்தில் வைத்தபடியே அடுத்த கைக்குக் கொடுங்கள். நீளமாக இருக்கிறது, ஞாபகம் நிற்காது என்றால் இவ்வளவு போதும்: என் அண்ணன் தொம்மை அன்றைக்குப் படகில் இல்லை. புதுக்கோட்டையில் இருந்தார். நான்தான் அனுப்பினேன்.